இரண்டாவது பிரேக்

என் அண்ணியின் தொழில், அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பயப்படாமல் உட்கார்ந்திருப்பது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவர் டீச்சர். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு திருப்பு, நிறுத்து என்று சொல்வதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. நேற்றுவரை தையல் மெஷினைத் தவிர வேறெதையும் மிதித்திராத ஒருவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரே ஒரு தடவை போய்வந்து அவர்கள் பேசட்டும். அப்புறம் நான் கேட்டுக்கொள்கிறேன்.

நான் அவருக்கு நாத்தனார். அதே பள்ளியில் முன்மேசை வேலை எனக்கு. யாருக்கு எந்த நேரம், எந்த வண்டி என்று பிரித்துக் கொடுப்பேன். நாத்தனாரும் அண்ணியும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறார்கள் என்றதும் ஜனங்களுக்கு ஒரு சுவாரசியம் வந்துவிடும். சண்டை எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருப்பார்கள், பாவம். எனக்கு நாக்கு நீளம் என்பது ஊரறிந்த விஷயம். நான் எவ்வளவு பொரிந்து தள்ளினாலும் அண்ணி கடைசிவரை கேட்டுவிட்டு, “முடிஞ்சுதா? டீ சொல்லட்டுமா?” என்பார். இப்படிப்பட்ட மனுஷியோடு எங்கே போய்ச் சண்டை போடுவது?

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். டிரைவிங் ஸ்கூலில் இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கும் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பயம்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

அண்ணிக்கு ஐம்பது பக்கத்தில் வந்துவிட்டது. நரையை மறைக்க மாட்டார். நகை போட மாட்டார். தொழிலுக்கு வசதியாக முழுக்க மூடிய ஷூ. ஆனால் அந்த ஷூவுக்குள், கால் விரல் நகங்களில் பத்துக்குப் பத்தும் அடர்சிவப்பாக நெயில் பாலிஷ் பளபளக்கும். வீட்டில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொறுமையாகப் போட்டுக்கொள்வார். யாருக்குக் காட்ட என்று நான் கிண்டலடித்தால், எனக்குத் தெரியுமே, அது போதாதா என்பார். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி, விரல்களை விரித்து அவர் ஊதிக்கொண்டிருக்கும் காட்சி அந்த வீட்டில் ஒரு சாமான் போலவே எனக்குப் பழகியிருந்தது. அது எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

கல்யாணம், வீடு, மாமனார், மாமியார், நான் எல்லாமே அண்ணிக்கு யாரோ பார்த்துக் கொடுத்தது. இந்த வேலை மட்டும்தான் அவராகத் தேடிப் போய்க் கேட்டது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம், ஒருநாள் காலை தானே போய் முதலாளி முன்னால் நின்று, எனக்குக் கற்றுக்கொடுக்க வரும் என்று சொல்லி வாங்கிய வேலை. என்னை அங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான். அந்த வேலைதான் போகப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன வருடம் அப்பா விழுந்தார். என் அப்பா, அண்ணிக்கு மாமனார். அம்மா போன பிறகு அவர் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். எங்கள் வீடு அடுத்த தெருவில் இருந்தாலும் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்ரூமுக்குப் போக எழுந்தவர், கதவை எட்டுவதற்குள் சரிந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன், ஆஸ்பத்திரி வாசம், அப்புறம் வாக்கர். அண்ணன் பாலம் கட்டும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். எந்த ஊரில் பாலமோ அந்த ஊரில் இருப்பான், மாதக் கடைசியில் வருவான். ஆக அப்பா, கல்லூரிப் பரீட்சைக்குப் படிக்கும் மகள், வீடு, வேலை என்று அத்தனையும் அண்ணி தலையில்.

அண்ணி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்கு முன்பே உறைத்திருக்கும். அப்பா கட்டிலில் புரண்டால் போதும், இவர் வாசலில் நிற்பார். அப்பாவுக்குக் கொடுத்திருந்த மணியை அவர் அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. மகள் வெளியே கிளம்பினால் செருப்பு மாட்டும் இடத்தில் ஒரு ‘பாத்து’, கேட்டில் ஒரு ‘பாத்து’, தெரு திரும்பும்வரை பால்கனியிலிருந்து இன்னொன்று. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது அவர் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வரும். பஸ் டிரைவருக்கு நீங்கள்தான் பிரேக் போடுகிறீர்களா என்று கேட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். கால் மட்டும் நிற்கவில்லை.

பயிற்சி வண்டியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதில் டீச்சர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. டீச்சர் மிதித்தால், ஓட்டுபவரின் காலடியில் இருக்கும் பிரேக்கும் பேய் பிடித்தது போலத் தானாக உள்ளே இறங்கும். ஆபத்துக்கு மட்டும்தான் அது. மற்ற நேரத்தில் டீச்சரின் கால் தரையில் கிடக்க வேண்டும். மாணவன் தப்பு செய்ய வேண்டும், தானே திருத்திக்கொள்ள வேண்டும். அண்ணி புதிதாக வரும் டீச்சர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

அந்த அண்ணியிடம் படித்தவர்கள் வரிசையாக டெஸ்டில் தோற்க ஆரம்பித்தார்கள். யாருக்கும் காரணம் புரியவில்லை. வகுப்பில் ஒரு குறையும் கிடையாது. வண்டி பூப்போல நிற்கும். டெஸ்டில் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்ததும் கோட்டைத் தாண்டிப் போய் நிற்பார்கள், அல்லது நிற்கவே மாட்டார்கள். ஒரு பல் டாக்டர் இருந்தார், ஏக நம்பிக்கை உள்ள ஆள். டெஸ்டில் தோற்று வந்து என் மேசையைத் தட்டி, அவங்க வண்டியில பிரேக்கே சரியில்லை என்று சத்தம் போட்டார். நானும் நம்பிவிட்டேன். முதலாளிதான் நம்பவில்லை.

முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் கண்ணாடிக்காரர். எது நடந்தாலும் “கண்ணாடி பாத்தீங்களா?” என்பதுதான், அதாவது பின்னால் வரும் வண்டியைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்தீர்களா என்பதுதான், அவருடைய முதல் கேள்வி. நான் லீவு கேட்டபோதுகூட ஒருமுறை வாய் தவறி அதைத்தான் கேட்டார். அவர் பல் டாக்டரைத் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார். திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. வண்டியின் பிரேக் நன்றாகத்தான் இருந்தது. டாக்டருக்குத்தான் பிரேக் போடத் தெரியவில்லை. இத்தனை நாளும் பாதி பிரேக்கை அண்ணியின் கால் போட்டிருக்கிறது. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு முன்கூட்டியே. ஓட்டியவருக்கும் தெரியவில்லை, போட்டவருக்கும் தெரியவில்லை.

முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். அண்ணி தலையாட்டினார். அந்த வாரமே நடுரோட்டில், காற்றில் உருண்டு வந்த ஒரு பாலிதீன் பைக்கு முழு மிதி மிதித்து வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த பால் வேன் முட்டியது. யாருக்கும் அடியில்லை, பம்பர் போனதோடு சரி. ஓட்டிக்கொண்டிருந்த பெண் அழுதுகொண்டே இறங்கி நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. அண்ணியை வண்டியிலிருந்து இறக்கி என் பக்கத்தில் மேசையில் உட்கார வைத்தார். டாக்டரைப் பாருங்கள், ஓய்வெடுங்கள் என்றார். மாதக் கடைசியில் தான் பின்சீட்டில் உட்கார்ந்து ஒருமுறை பார்ப்பதாகவும், தேவையில்லாமல் ஒருதடவை கால் போனாலும் அதற்குப் பிறகு மேசை வேலைதான் என்றும் பக்குவமாகச் சொன்னார். வேறொரு டீச்சரைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். போன் வருவது என் மேசைக்குத்தானே.

அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசல் கதவை யாராவது வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்தால், மேசைக்கடியில் அவர் கால் தரையை மிதிக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர்ப்பட்ட யோசனைகள் வந்தன. டாக்டர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, மனசை லேசா வச்சுக்கோங்க என்றார். லேசாக வைக்கத் தெரிந்தால் அவர் ஏன் ஐயா உங்களிடம் வருகிறார்? அண்ணன் போனில் வாக்கிங் போகச் சொன்னான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போனைப் பிடுங்கி, அண்ணி வாக்கிங் போகிற நேரத்தில் உன் அப்பாவை யார் பார்ப்பது, உன் பாலம் வந்து பார்க்குமா என்று கேட்டேன். அதற்கடுத்த வாரத்திலிருந்து அவன் வெள்ளிக்கிழமைதோறும் வர ஆரம்பித்தான். கேட்டதும்தான் உறைத்ததாம். புதன்கிழமை மத்தியானம் அப்பாவை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அண்ணி அப்போதும் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார். அவர் பேச்சை யார் கேட்டது?

அந்தப் புதன்கிழமைகளில் ஒன்றில்தான் பிசியோதெரபி செய்ய வரும் பெண்ணை நான் பார்த்தேன். அப்பாவின் கட்டிலுக்குக் கீழே தரையில் நீல நிற டேப்பால் ஒரு கோடு ஒட்டியிருந்தாள். எழுந்திருக்கும் முன் இரண்டு குதிகாலையும் கோட்டில் வைக்க வேண்டும், மூச்சு விட வேண்டும், அப்புறம்தான் எழ வேண்டும். அப்பா வாக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றார். பக்கத்தில் அண்ணி இரண்டு கைகளையும் விரித்து, அப்பா இப்போதே விழப்போவது போல நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் அண்ணியைத் தள்ளி நிற்கச் சொன்னாள். உங்க முகத்தைப் பார்த்துத்தான் அவர் பயப்படறார் என்றும் சொல்லிவிட்டாள். அண்ணியின் முகம் சுருங்கிப்போனது. சட்டென்று விலகியவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அப்படியே சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தார்.

அந்தப் பெண் குனிந்து காலை அமுக்கிப் பார்த்தாள். “என்னக்கா இது, கல்லு மாதிரி இருக்கு? இந்தக் கால் ஓய்வே எடுக்கறதில்லையா?”

“சும்மாதானே உக்காந்திருக்கேன் இப்பல்லாம்” என்றார் அண்ணி.

“நீங்க உக்காந்திருக்கீங்க. கால் உக்காரலையே. எந்நேரமும் ஓடறதுக்கு ரெடியா நிக்குது. இறுகிக் கிடக்கிற தசை அவசரத்துக்கு ஓடாதுக்கா. நல்லா ஓய்ஞ்சு கிடக்கிற காலுதான் சட்டுனு எழும்பும். மாமாவுக்கும் அதைத்தான் சொல்றேன்.”

அந்தப் பெண் கிளம்பும்போது, மிச்சம் இருந்த நீல டேப்பை அண்ணி கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பள்ளிக்கு வந்ததும் பழைய பயிற்சி வண்டியின் சாவியை எடுத்தார். டீச்சர் பக்கத்து மிதியடியில், பிரேக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, நீல டேப்பால் ஒரு கோடு ஒட்டினார். குதிகால் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும், அதுதான் திட்டம். முதலாளியும் சரி என்றுவிட்டார். ஆனால் பழகுவதற்கு ஓட்டத் தெரியாத ஒரு ஆள் வேண்டும். முதலாளி எந்த மாணவரையும் தரத் தயாராக இல்லை. பாவம், வேறு யார் கிடைப்பார்கள் என்று நான் வாய் திறந்து அனுதாபப்பட்டதுதான் தாமதம், இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

மொத்த வியாபார மார்க்கெட்டுக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் பெரிய மைதானம். காலையில் லாரிகள் கிளம்பிவிட்டால் காலியாகக் கிடக்கும். அங்கே போய் என்னை ஓட்டும் இருக்கையில் உட்காரவைத்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை. கிளட்சை விட்டேன், வண்டி குதித்து நின்றது. மறுபடி விட்டேன், மறுபடி குதித்தது. என் வீட்டுக்காரர் குறட்டைகூட இதைவிடச் சீராக இருக்கும். எப்படியோ நகர்ந்தது. மெதுவாக ஒரு வட்டம் அடித்தேன். அப்போது என் காலடியில் பிரேக் தானாக இறங்கியது. நான் அதைத் தொடவே இல்லை. வண்டி நின்றது. முன்னால் தூரத்தில் ஒரு காக்கா எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

“அண்ணி, அது காக்கா. அதுக்கு ரெக்கை இருக்கு” என்றேன்.

அண்ணி தன் காலைப் பார்த்தார். கோட்டைத் தாண்டி முழுசாக பிரேக்கின் மேல் இருந்தது. தான் எடுத்து வைத்தது தனக்கே தெரியாது என்றார். எனக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது, வண்டியைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து.

தினமும் போனோம். ஒருநாள் நன்றாக இருக்கும், மறுநாள் மோசமாக இருக்கும். வெயிலில் கிடந்த நிழலுக்கு, பறந்து வந்த அட்டைப்பெட்டிக்கு, எதுவும் இல்லாத வெறும் தரைக்கு என்று பிரேக் என் காலடியில் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒருநாள் அரை மணிக்குள் எத்தனையோ முறை. எனக்கு அப்போதுதான் வண்டி கொஞ்சம் கைக்கு வந்திருந்தது. ஒருதடவைகூட என்னை முழுசாக ஓட்ட விடாமல் செய்கிறாரே என்று பொறுமை போய்விட்டது.

“யாருமே இல்லாத மைதானத்துல யாரைக் காப்பாத்தறீங்க நீங்க?” என்று கத்திவிட்டேன்.

அண்ணி சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். டீ சொல்லட்டுமா என்று கேட்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

“அன்னிக்கு மாமா கூப்பிட்டாரு. எனக்குக் கேட்டுச்சு.”

எனக்குப் புரியவில்லை.

“ஞாயித்துக்கிழமை. நெயில் பாலிஷ் போட்டு காலை மேல தூக்கி வச்சுட்டு உக்காந்திருந்தேன். ஈரமா இருந்துச்சு. ஒரு நிமிஷம், காஞ்சதும் போலாம்னு உக்காந்தே இருந்தேன். அவர் ரெண்டாவது தடவை கூப்பிடலை. விழுந்த சத்தம்தான் கேட்டுச்சு.” அண்ணி குனிந்து தன் காலைப் பார்த்தார். “என் கால் தரையில இருந்திருந்தா அவர் விழுந்திருக்க மாட்டாரு. இதை உங்கண்ணன்கிட்டகூட நான் சொன்னதில்லை.”

சொல்லிவிட்டு அழுதார். எத்தனையோ வருடம் கூடவே இருக்கிறேன், அம்மா சாவுக்குக்கூட எங்களைத் தேற்றிக்கொண்டு நின்றவர், டேஷ்போர்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். இல்லை அண்ணி, உங்கள் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவர் நம்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தார். நான் வண்டியைக் கிளப்பினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. “கண்ணாடி பாத்தியா?” என்றார் மூக்கடைத்த குரலில். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அதற்குப் பிறகு எல்லாம் மந்திரம் போட்டது போலச் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். கால் போகத்தான் செய்தது. ஆனால் போவது அவருக்கே தெரிய ஆரம்பித்தது. குதிகால் கோட்டைத் தாண்டினால் உடனே சத்தமாகச் சொல்லிவிடுவார், போகுது பார், போகுது பார் என்று. சொல்லிக்கொண்டே இழுத்துப் பின்னால் வைப்பார். பிறகு காலுக்குப் பதிலாக வாயைப் பயன்படுத்தத் தொடங்கினார். முன்னால் வளைவு, இப்ப குறை, இன்னும் குறை, நிறுத்து. நானும் கேட்டுக்கேட்டு மிதிக்கப் பழகினேன். காலை விட்டு வாய்க்கு வந்துவிட்டீர்களே, இது என் வழியாச்சே என்றேன். வீட்டில் மகளுக்கு ஒரே ஒரு ‘பாத்து’ மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போக முயன்றார். முதல் நாள் மகளே பாதி வழியில் திரும்பி வந்து, ஏம்மா, உடம்பு சரியில்லையா என்று கேட்டாளாம்.

மாதக் கடைசி வந்தது. முதலாளி பின்சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டார். அந்தப் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்தும் பார்த்துக்கொண்டார். ஓட்டப்போவது நான் என்று தெரிந்த எந்த மனிதரும் செய்யக்கூடியதுதான். அண்ணி ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தார். குதிகால் நீலக்கோட்டுக்குப் பின்னால். இன்றைக்கு நான் சொதப்பினால் அண்ணியின் வேலை போய்விடும் என்ற நினைப்பில் என் உள்ளங்கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. நீ வண்டியைப் பாரு, மத்ததை நான் பாத்துக்கறேன் என்றார் அண்ணி.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். பஸ் ஒன்று ஒட்டி உரசுவது போலப் போனது. பிரேக் என் காலடியில் அசையவில்லை. ஒரு நாய் நடுரோட்டில் யோசித்துக்கொண்டே நின்றது. அண்ணி குறை என்றார், நான் குறைத்தேன், நாய் முடிவுக்கு வந்து நகர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நின்ற காரின் கதவு படாரென்று திறந்தது. என் கால் தானாகப் போய் மிதித்தது. வண்டி கதவுக்கு முன்னால் நின்றது. மிதித்தது நான்தான். பிரேக் எனக்குக் கீழே கனமாக, முழுசாக இருந்தது, யாரும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. கீழே பார்த்தேன். அண்ணியின் கால் கோட்டுக்குப் பின்னால் தேமே என்று கிடந்தது. எனக்குக் கூவ வேண்டும் போல இருந்தது.

அந்தச் சந்தோஷம்தான் எனக்கு வினையாகப் போனது. தலைகால் புரியாமல் அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பினேன். பக்கவாட்டில் ஒரு பைக் வருவதை நான் பார்க்கவே இல்லை. பிரேக் என் காலடியில் சரேலென்று இறங்கியது. வண்டி குலுங்கி நின்றது. பைக்காரன் எங்கள் முன்பக்கத்தை மயிரிழையில் தாண்டி, திரும்பிப் பார்த்து ஏதோ திட்டிவிட்டுப் போனான். திட்டியது நியாயம்தான்.

அண்ணியின் கால் பிரேக்கின் மேல் இருந்தது. அதை மெதுவாக எடுத்துக் கோட்டுக்குப் பின்னால் வைத்தார். முகம் வெளுத்திருந்தது.

“போட்டுட்டேன் சார்” என்றார்.

பின்னாலிருந்து முதலாளி பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு பேசினார். “நல்லவேளை போட்டீங்க டீச்சர். இல்லைன்னா அந்தப் பைக்காரன் இப்ப என் மடியில உக்காந்திருப்பான்.” பிறகு முன்னால் குனிந்து என்னிடம் கேட்டார். “நீங்க கண்ணாடி பாத்தீங்களா?”

அண்ணி தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுக்குப் பின்னால் ஓய்ந்து கிடந்த கால், அங்கிருந்து எழும்பி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவர் பெயரை மறுபடி வண்டிப் பட்டியலில் போட்டேன். அவருடைய முதல் மாணவர், அந்தப் பல் டாக்டர்.

முதலாளி பின்சீட்டில் வந்த அன்றே சாயங்காலம், அண்ணன் வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் ஏறி ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கினேன். பழையதே கிடக்கும், எதற்கு இது என்று அண்ணி தள்ளிவிட்டார். நான் மேசையில் வைத்துவிட்டு, அவர் மகளோடு பேசிக்கொண்டு பால்கனிப் பக்கம் போய்விட்டேன். வந்து பார்த்தால், கூடத்தில் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழையபடி விரல்களை விரித்து, குனிந்து போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு காலும் தரையில் இல்லை.

அப்போது உள்ளே கட்டில் முனகியது.

அண்ணியின் கை நின்றது. நானும் நின்றேன். மணி அடிக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. குதிகாலைக் கோட்டில் வைக்கிறார், மூச்சு விடுகிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வாக்கரின் ரப்பர் முனைகள் தரையில் பதியும் சத்தம் கேட்டது. அண்ணியின் முட்டி எழுந்தது. அவராகவே அதை அமுக்கி உட்கார வைத்தார். பாத்ரூம் கதவு திறந்தது. குழாய்த் தண்ணீர் விழுந்தது, நின்றது. அந்த நேரம் முழுவதும் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

வாக்கர் கூடத்துக்கு வந்தது. அப்பா எங்களைத் தாண்டிப் போகாமல் நாற்காலிக்கு முன்னால் நின்றார். அண்ணி பதறிக் காலை இறக்கப் போனார். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்தச் சிவப்பு நகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதே கலர்தான்மா அன்னிக்கும்” என்றார். “நான் விழுந்து கிடந்தேன் பாரு, எனக்குத் தலையைத் தூக்க முடியலை. உன் கால் மட்டும்தான் தெரிஞ்சுது. தரையெல்லாம் சிவப்பா இழுவிக் கிடந்துச்சு. அதைப் பாத்துத்தான் நெனச்சுக்கிட்டேன், காயறதுக்குக்கூட நிக்காம ஓடி வந்திருக்குது புள்ளைன்னு.”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாவுக்கு என்ன புரிந்ததோ, புரியவில்லையோ. அவர் வாக்கரைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகத் தன் அறையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

“எந்திரிக்காதே” என்றார் திரும்பிப் பார்க்காமல். “நல்லா காயட்டும்.”